பன்றி தின்னாத பரங்கிக்காய்

சஸ்காச்சுவான், கனடா
2 பிப்ரவரி 1908

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்கா பரஸ்காவுக்கு, தங்கை தெக்லா எழுதுவது. அப்பா, அம்மா, நான், பசு நால்வரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமா? அப்பாவுக்குப் பனி விழுவதற்கு முந்தின நாள் முழங்கால் வலிக்கும். இங்கே தினமும் பனி விழுவதால் தினமும் முந்தின நாளாகவே இருக்கிறது.

நாங்கள் இன்னும் குழிவீட்டில்தான் இருக்கிறோம். தரையைத் தோண்டி மேலே புல்கட்டியால் மூடியது. வெளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி மட்டும்தான் தெரியும். இதனால் போன அக்டோபரில் ஒரு கூத்து நடந்தது. பக்கத்து நிலத்தில் மக்ரே என்று ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பம். பக்கம் என்றால் அரை மைல். அவர்கள் மகன் லாக்லனுக்குப் பதினெட்டு வயது, என்னைவிட ஒன்று கூட. தரையிலிருந்து புகை வருவதைப் பார்த்தவன், புல்வெளி பற்றிக்கொண்டது என்று நினைத்து இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து புகைபோக்கிக்குள் கொட்டிவிட்டான். கீழே அம்மா பீட்ரூட் சூப் வைத்துக்கொண்டிருந்தாள். கரி முகத்தோடு வெளியே வந்து அவள் திட்டியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரியவில்லை. தண்ணீர் போதவில்லை என்கிறாள் போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு வாளி எடுக்க ஓடினான்.

அன்றிலிருந்து சிநேகம். அவனுக்கு நம் பேச்சில் நாற்பது வார்த்தை தெரியும். எனக்கு அவன் பேச்சில் நாற்பது. இரண்டும் ஒரே நாற்பது இல்லை என்பதுதான் கஷ்டம்.

அக்கா, விஷயத்துக்கு வருகிறேன். ஒனுஃப்ரி என்று ஒருவர் ஞாயிறு தவறாமல் வருகிறார். நாற்பத்தோரு வயது, மனைவியை இழந்தவர். இரண்டு காளையும் ஓர் இரும்பு அடுப்பும் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அறுந்த நூல்முனையைக்கூட எறியாமல் பையில் போட்டுக்கொள்கிறார். போன ஞாயிறு என்னை ஒரு மாவு மூட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தூக்கினேன். தூக்காமல் இருந்திருக்கலாம். அறுவடை முடிந்ததும் பெண் கேட்டு ஆள் அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டாம் அக்கா. ஆனால் வாயால் சொன்னால் அப்பா, "வெக்கப்படுறா"ன்னு முடித்துவிடுவார். நம் வழக்கப்படி, வேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் பெண்ணே கையில் பரங்கிக்காயைத் தூக்கிக் கொடுத்தால்தான் வந்தவர்கள் எழுந்து போவார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டிலும் பரங்கி இல்லை. அம்மா மற்ற விதையெல்லாம் கப்பலில் கொண்டுவந்தாள். அதை மட்டும் மறந்துவிட்டாளாம்.

விதை அனுப்பு.

உன் தங்கை,
தெக்லா

*

வெர்பிவ்கா, கலீசியா
15 மார்ச் 1908

இயேசுவுக்கு என்றும் மகிமை!

அன்புத் தங்கச்சி தெக்லாவுக்கு, அக்கா பரஸ்கா சொல்லச் சொல்ல உபதேசியார் செவெரின் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறோம்.

உன் கடிதத்தை உபதேசியார் படித்துக் காட்டினார். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். (செய்தேன். ஆனால் என் மனைவி கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. — செவெரின்)

அம்மாவுக்கு மறதி கிடையாது தெக்லா. எனக்கு வேண்டியிருந்தபோது நம் வீட்டில் ஒன்பது பரங்கிக்காய் இருந்தது. பெண் கேட்டு வந்த அன்று காலையில் பார்க்கிறேன், ஒன்பதையும் பன்றி தின்றுகொண்டிருந்தது. அதை விடு.

ஐந்து விதை வைத்திருக்கிறேன். வீட்டில் போடாதே. அம்மா கண்ணில் படாத இடமாகப் பார்.

உன் அக்கா,
பரஸ்கா

(ஐந்துக்கு மேல் வைத்தால் தபால்காரர் உறையைக் குலுக்கிப் பார்க்கிறார். எனக்கு இருமல் தேவலை. நீ கேட்கவில்லை. — செவெரின்)

*

சஸ்காச்சுவான்
29 ஏப்ரல் 1908

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் சுகம். உபதேசியாரின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன் என்று சொல்.

விதை வந்து சேர்ந்தது. வந்தது ஐந்து, இப்போது இருப்பது நான்கு. உறையைப் பிரிக்கும்போது அம்மா வந்துவிட்டாள். "என்னடி அது?" என்றாள். "பரஸ்கா அனுப்பின வாயு மருந்தும்மா" என்றேன். அப்பா, "எனக்கு ரெண்டு நாளா வயிறு உப்புசம்"னு சொல்லி ஒன்றை எடுத்து மென்று விழுங்கிவிட்டார். உப்புசம் போய்விட்டதாம். தினமும் இன்னொன்று கேட்கிறார்.

மிச்சம் நான்கையும் லாக்லனிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் குதிரை லாயத்தின் தெற்குச் சுவரோரம், எருக்குவியலில் போடுவதாகச் சொன்னான். எதற்கு என்று சொல்ல என் நாற்பது வார்த்தையில் இடமில்லை. "வேணும்" என்றேன். "நல்லா, நல்லா" என்றான். அது அவனுடைய நாற்பதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் அதையே சொல்வான். அவர்கள் கோழியை நரி தூக்கிப் போனபோதும் அதைத்தான் சொன்னான்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பரங்கியும் பன்றியும் இல்லாமல். மிச்சம் இரண்டு வரிதான் இருந்தது. கேட்டுவிட்டு அம்மா, "லெவ்கோவைப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?" என்றாள். அத்தானுக்கு என்ன அக்கா?

தெக்லா

*

சஸ்காச்சுவான்
5 ஜூலை 1908

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்காவுக்கு, உன் பதில் இன்னும் வரவில்லை. சுகம்தானே?

நான்கு விதையில் மூன்று முளைத்தன. ஒன்றைத் தரை அணில் கடித்தது. இன்னொன்றை லாக்லனின் அம்மா களை என்று பிடுங்கிவிட்டாள். அவன் அவளோடு இரண்டு நாள் பேசவில்லையாம். மிஞ்சிய ஒரு கொடியில் ஒரே ஒரு பிஞ்சு. அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்திருக்கிறான். குதிரை எட்டிக் கடிக்காமல் இருக்க வேலி கட்டியிருக்கிறான். குதிரைக்கே அவ்வளவு நல்ல வேலி கிடையாது.

சாயங்காலம் பால் கறந்ததும் நான் போய் மகாராணியைப் பார்த்துவிட்டு வருகிறேன். வேலிமேல் உட்கார்ந்துகொண்டு வார்த்தை மாற்றிக்கொள்கிறோம். எனக்கு இப்போது எழுபது. அவன் 'பரங்கிக்காய்' கற்றுக்கொண்டான். சொல்லும்போது நாக்கு சுளுக்கிக்கொள்ளுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒனுஃப்ரி போன ஞாயிறு வந்து, தன் காளைகளுக்குப் பல் முளைத்த கதையை மூன்று மணி நேரம் சொன்னார். போகும்போது நான் உரித்துப்போட்ட வெங்காயத்தோலைச் சாயம் போட உதவும் என்று எடுத்துப் போனார். அப்பா அவரைப் பார்க்கும் பார்வையில் அந்த இரும்பு அடுப்பு தெரிகிறது.

பதில் எழுது.

தெக்லா

*

வெர்பிவ்கா
20 ஆகஸ்ட் 1908

இயேசுவுக்கு என்றும் மகிமை!

அன்புத் தங்கச்சிக்கு, உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். அறுவடை வேலையில் பதில் தள்ளிப்போனது.

பிஞ்சுக்கு அடியில் வைக்கோல் போடச் சொல். ஈரம் பட்டால் அழுகிவிடும். அந்தப் பையனுக்கு என் ஆசீர்வாதம். பசுவுக்கும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் அக்கா,
பரஸ்கா

(தெக்லாவின் தாயார் அவர்களுக்கு, செவெரின் பணிவுடன் எழுதிக்கொள்வது. பரஸ்கா எழுந்து போய்விட்டாள். காகிதத்தில் இடம் இருப்பதால் எழுதுகிறேன். ஆறு வருஷமாக அவள் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும், "லெவ்கோவைப் பத்தி என்ன எழுதட்டும்?" என்று கேட்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். லெவ்கோ அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. குதிரையோடு பேசுகிறதில் கால்வாசிகூட அவளோடு பேசுகிறதில்லை, அவ்வளவுதான். நானும் காத்திருந்து பார்த்துவிட்டு 'இங்கே எல்லாரும் சுகம்' என்று எழுதிவிடுவேன். அந்த வரி அவளுடையது இல்லை, தாயே. என்னுடையது. தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும், அதனால் இப்போதே ஒட்டிவிடுகிறேன்.)

*

சஸ்காச்சுவான்
12 செப்டம்பர் 1908

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் சுகம். நான் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் இந்த வருஷத்தின் முதல் உறைபனி விழுந்தது. எங்கள் தோட்டத்தில் வெள்ளரி, பீன்ஸ் எல்லாம் கருகிவிட்டன. காலையில் நான் லாயத்துக்கு ஓடினேன். லாக்லன் சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றான். மேலங்கி எங்கே என்றால், மகாராணி போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அவன் அம்மாவின் கல்யாணப் போர்வை. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு ஜலதோஷம். அவன் அம்மா என்ன செய்தாள் என்று கேட்காதே. அவன் காது இன்னும் சிவப்பாக இருக்கிறது.

அழுகை வந்துவிட்டது அக்கா, சந்தோஷத்தில். அப்போதுதான் அவன் சொன்னான், இம்மாதக் கடைசியில் நகரத்தில் விவசாயக் கண்காட்சியாம், மகாராணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறானாம். நிச்சயம் பரிசு கிடைக்குமாம். பரிசு வாங்கினதை அங்கேயே வெட்டி எல்லாருக்கும் பங்கு போடுவார்களாம்.

"கூடாது" என்றேன். "ஏன்?" என்றான். எப்படிச் சொல்வது? என்னைப் பெண் கேட்டு வருகிறார்கள் என்று அவனிடம் சொல்ல, எழுபது வார்த்தை இருந்தும் நாக்கு எழவில்லை. "என் விதை!" என்று கத்தினேன். "என் எரு! என் கோட்டு! என் காது!" என்று அவனும் கத்தினான். சண்டை. ஐந்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஆறாம் நாள் அவனே வந்து வாசலில் நின்றான்.

"எதுக்கு?" என்றான்.

"விருந்தாளி வராங்க. அவருக்குக் குடுக்கணும்" என்றேன்.

"பெரிய விருந்தாளியா?"

"ரொம்பப் பெரிய விருந்தாளி."

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "நல்லா, நல்லா" என்றான். கண்காட்சிக்கு அவன் அம்மாவின் ஊறுகாயை எடுத்துப் போகிறானாம்.

தெக்லா

*

சஸ்காச்சுவான்
20 அக்டோபர் 1908

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உட்கார்ந்து கேள். உபதேசியாரும் உட்காரட்டும். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டாம், உள்ளே வந்து கேட்கட்டும்.

முதலில் உன் ஆகஸ்ட் கடிதம். செப்டம்பர் கடைசியில் வந்தது. அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அடியில் உள்ளது உபதேசியாரின் இருமல் சமாசாரம் என்று நினைத்து நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போய்விட்டேன். 'அந்த வரி அவளுடையது இல்லை, தாயே' என்று படித்தபிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அம்மா எழுந்து போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டினாள். அரை மணி முன்னால்தான் காட்டியிருந்தாள்.

பெண் கேட்டு வருகிறவர்கள் இருபதாம் தேதிக்கு மேல்தான் வருவார்கள் என்று இருந்தேன். பனி முந்திக்கொள்ளும் என்று ஒனுஃப்ரி பதின்மூன்றாம் தேதியே வந்துவிட்டார், இரண்டு பெரியவர்களோடு. காளைகளின் கொம்பில் ரிப்பன் வேறு. காயோ அரை மைலுக்கு அப்பால். நான் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டு நின்றேன். சாம்பலே தீர்ந்துவிட்டது. அவர்கள் ரொட்டியை மேஜைமேல் வைத்தார்கள். ஒரு பெரியவர், "எங்க வாத்து உங்க குளத்தை நாடி வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். நாற்பத்தோரு வயது வாத்து. அப்பா பெட்டியைத் திறந்து, சம்மதத்துக்குத் தோளில் கட்டும் பூத்துண்டுகளைக் கையில் எடுத்துவிட்டார். "மாட்டேம்பா" என்றேன். "பாத்தீங்களா, வெக்கம்" என்றார் அப்பா. சொன்னேன் இல்லையா?

அப்போது கதவு இடிக்கும் சத்தம். லாக்லன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தண்ணீர் தொட்டு வாரிய தலை, கையில் மகாராணி. ரிப்பன் கட்டின வண்டி போவதைப் பார்த்து, பெரிய விருந்தாளி வந்துவிட்டார் என்று தானே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். மூச்சு வாங்கிக்கொண்டு நேராக ஒனுஃப்ரியிடம் போய், மனப்பாடம் செய்த வாக்கியத்தை நம் பேச்சில் ஒரு தப்பில்லாமல் சொன்னான்:

"பெரிய விருந்தாளிக்கு, முழு மனசோட, பரங்கிக்காய்!"

அக்கா, ஒனுஃப்ரி காயைப் பார்க்கிறார், லாக்லனைப் பார்க்கிறார். ஒரு பெரியவர் மற்றவரிடம், "நாம இந்தப் பையனையா கேட்டு வந்தோம்?" என்றார்.

அப்பா சமாளித்துக்கொண்டார். "ஸ்காட்லாந்துக்காரப் பயல், அவனுக்கென்ன வழக்கம் தெரியும்? சமைக்கக் கொண்டாந்திருக்கான். பொண்ணு கையால குடுத்தாத்தானே கணக்கு? வாங்கி மூலையில வையி" என்று அம்மாவிடம் சொன்னார். லாக்லன் என்னைப் பார்த்துச் சிரித்தான், பெரிய காரியம் செய்து முடித்தவன் மாதிரி.

அம்மா காயை வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த வைக்கோலை ஏப்ரன் நுனியால் மெதுவாகத் துடைத்தாள். மூலைக்குப் போகவில்லை. என்னிடம் வந்தாள்.

"பரஸ்காவுக்கு வேண்டியிருந்தப்ப பன்னிக்குப் போட்டேன். இங்க நம்மகிட்ட பன்னியும் இல்ல" என்றாள். "கனமா இருக்குடி. ரெண்டு கையாலயும் புடி."

பிடித்தேன். ஒனுஃப்ரியிடம் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. தட்டிப் பார்த்து, "நல்லா முத்தின காய்" என்று சொல்லிவிட்டு, ரிப்பனை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அப்பா அம்மாவோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் உப்புசம் வந்து, மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மா உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். என்ன எழுதட்டும் என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்தாள். குழிவீட்டில் ஜன்னல் எங்கே இருக்கிறது? சுவரைத்தான் பார்த்தாள். அப்புறம், "அந்த ஒம்பதையும் நான்தான் போட்டேன், பன்னி தானாத் திங்கலைன்னு எழுது" என்றாள்.

உன் தங்கை,
தெக்லா

*

வெர்பிவ்கா
6 டிசம்பர் 1908

இயேசுவுக்கு என்றும் மகிமை!

அன்புத் தங்கச்சிக்கு, உன் கடிதத்தை உபதேசியார் எங்கள் வீட்டுக்கே வந்து படித்தார். மூன்று தடவை படித்தார். பெரியவர், 'இந்தப் பையனையா கேட்டு வந்தோம்' என்று சொல்கிற இடத்தில் லெவ்கோ சிரித்துவிட்டார். ஆறு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. யாரோ வெளியே கதவைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன்.

உபதேசியார் போனபிறகு லெவ்கோ என்னைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு குடுத்திருப்பியா?" என்றார்.

"குடுத்திருப்பேன். பன்னி தின்னுடுச்சு" என்றேன்.

யோசித்துவிட்டு, "அன்னிக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார். அதற்கப்புறம் தினமும் இரண்டு மூன்று வாக்கியம் பேசுகிறார். பெரும்பாலும் குதிரையைப் பற்றித்தான். ஆனால் என்னிடம். (இது அவளே சொல்லி எழுதியது. நான் ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. — செவெரின்)

அம்மாவிடம் சொல், கோபம் இருந்தது, இப்போது குறைவு என்று. பொய் சொல்ல விருப்பமில்லை.

விதை இன்னும் வேண்டுமா? அடுத்த அறுவடைக்கும் யாராவது வருவார்களே.

உன் அக்கா,
பரஸ்கா

*

சஸ்காச்சுவான்
18 மே 1909

இயேசுவுக்கு மகிமை!

அன்பு அக்காவுக்கு, எல்லாரும் சுகம். தரைக்கு மேலே வீடு கட்டிவிட்டோம். ஜன்னல் இரண்டு. அம்மா உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். 'இப்போது குறைவு' என்ற இடத்தை மட்டும் எங்கே என்று விரலால் காட்டச் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறாள்.

விதை வேண்டாம். ஒனுஃப்ரி அந்தக் காயை ஒரு வாரம் சாப்பிட்டு, விதையை எல்லாம் காயவைத்து, ஈஸ்டர் பூசைக்கு வந்த வீட்டுக்கெல்லாம் பொட்டலம் கொடுத்துவிட்டார். அவருக்கு எதையும் வீணாக்க முடியாதே. பதினோரு வீட்டில் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அவரைத் திட்டித் தீர்க்கிறார்கள். மரீனா என்று ஒரு விதவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இந்த அறுவடைக்கு அங்கேதான் ஆள் அனுப்பப் போகிறார். நாம் நினைத்த அளவுக்கு அவர் மக்கு இல்லை.

பரங்கிக்காய் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று லாக்லனுக்குப் போன வாரம்தான் தெரிந்தது. யார் சொன்னார்களோ. எனக்கு இப்போது இருநூறு வார்த்தை தெரியும், ஆனாலும் நான் சொல்லவில்லை. நேராக வேலிக்கு வந்து நின்றான். காது மறுபடி சிவந்திருந்தது, இந்தத் தடவை அவன் அம்மா காரணம் இல்லை.

"நான் எப்பவாவது ஒரு நாள் உங்க வீட்டுக்கு ரொட்டியோட வந்தா," என்றான், "பரங்கிக்காய் இருக்குமா?"

"இந்தப் பக்கத்துல அதை வளர்க்கத் தெரிஞ்ச ஆளே நீதான். எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு "நல்லா, நல்லா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

லாயத்துச் சுவரோரம் முழுக்க இந்த வருஷம் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறான்.

உன் தங்கை,
தெக்லா